கடலைவிடக் கரிக்கும் நீரைச் சவ்வுகளால் பிரிப்பது எப்படி: வடசென்னைச் சிறு ஆலைகளுக்கு ஒரு வழிகாட்டி

மீஞ்சூர், பொன்னேரி வட்டாரத்தில் நிலத்தடியில் கடல்நீர் உள்நோக்கி நகர்ந்து வருவது 1960களின் இறுதியிலிருந்தே ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. ஆரணியாறும் கொசஸ்தலையாறும் சேர்த்துவைத்த மணற்படுகையிலிருந்து நகரத்துக்கும் மணலித் தொழிற்சாலைகளுக்கும் வயல்களுக்கும் பல்லாண்டுகள் அளவுமீறி நீர் இறைக்கப்பட்டதன் விளைவு அது. காட்டுப்பள்ளியில் 2010ஆம் ஆண்டு முதல் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தரும் கடல்நீர் ஆலை வந்தபின் நகரத்தின் தேவை ஓரளவு தணிந்தது. ஆனால் விச்சூர், மணலி, எண்ணூர், கும்மிடிப்பூண்டிப் பக்கத்துச் சிறு ஆலைகள் பலவும் இன்னும் தங்கள் போர்வெல்லையும், உயர் அழுத்தத்தால் நீரைச் சவ்வின் வழியே தள்ளி உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ. இயந்திரத்தையும் நம்பித்தான் நடக்கின்றன. அந்த இயந்திரம் பிரித்துத் தள்ளும் ரிஜெக்ட் நீரை என்ன செய்வது என்பதற்குத்தான் பல இடங்களில் ஒழுங்கான விடை இல்லை. லிட்டருக்கு 40 கிராமுக்கு மேல் உப்புக் கரைந்திருக்கும் நீரைப் பற்றியதே இந்த வழிகாட்டி. கடல்நீர் ஏறத்தாழ 35 கிராம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், நாம் பேசுவது கடலைவிடக் கரிக்கும் நீர் என்பது விளங்கும். இரண்டாம் கட்ட ஆர்.ஓ.வின் ரிஜெக்ட், நீரின் கடினத்தன்மையைக் குறைக்கும் சாஃப்ட்னரை உப்பிட்டுப் புதுப்பித்தபின் வடியும் நீர், உப்பிட்ட தோலை ஊறவைத்து எடுத்த நீர், மீனை உப்பில் பதப்படுத்திய நீர் ஆகியவை இந்த வகையில் அடங்கும்.

முதலில் கடைசிக் குழாயைத் தீர்மானியுங்கள்

எந்தச் சவ்வும் உப்பை அழிப்பதில்லை. நீரைப் பிரித்தெடுத்துவிட்டு, அதே உப்பை மேலும் குறைவான நீருக்குள் நெருக்கிவைப்பது மட்டுமே அதன் வேலை. ஆகவே திட்டமிடுபவர் பம்பிலிருந்து தொடங்காமல், எல்லாம் முடிந்தபின் மிஞ்சும் அடர்கரைசலிலிருந்து தொடங்க வேண்டும் என்பதே நான் வலியுறுத்த விரும்பும் முதன்மையான கருத்து. நாளொன்றுக்கு 10,000 லிட்டர் நீர் வருகிறது, லிட்டருக்கு 50 கிராம் உப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் இருப்பது 500 கிலோ உப்பு. நீரில் 60 விழுக்காட்டை நன்னீராக மீட்டுவிட்டாலும், மிஞ்சும் 4,000 லிட்டரில் அதே 500 கிலோவும் லிட்டருக்கு 125 கிராம் என்ற அடர்த்தியில் நிற்கும். ஆண்டுக்கு 300 நாள் ஆலை ஓடினால் 150 டன் உப்புக்கு இடம் தேட வேண்டும்.

அந்த 4,000 லிட்டரை வெயிலில் காயவைத்துவிடலாம் என்று எண்ணுபவர்கள் பலர். உப்புக் கூடக் கூட நீர் ஆவியாவது மெதுவாகும். ஆண்டுச் சராசரியாக நாளுக்கு 4 மில்லிமீட்டர் என்று வைத்துக் கணக்கிடுவது பொருத்தமாக இருக்கும். அதாவது ஒரு சதுர மீட்டருக்கு 4 லிட்டர். எனவே 1,000 சதுர மீட்டர், ஏறத்தாழ நாலரை கிரவுண்டு நிலம், தார்ப்பாய் விரித்த தொட்டியாக வேண்டும். இதில் மழையைச் சேர்த்துப் பாருங்கள். நாளுக்கு 4 மில்லிமீட்டர் என்றால் ஆண்டுக்கு 1,460 மில்லிமீட்டர். சென்னையில் ஆண்டுக்குப் பெய்யும் மழையோ சுமார் 1,400 மில்லிமீட்டர். திறந்த தொட்டியில் வெயில் எடுத்ததை எல்லாம் ஐப்பசி, கார்த்திகை மழை திருப்பிக் கொடுத்துவிடுகிறது. ஆகவே இந்த ஊரில் காயவைக்கும் தொட்டிக்கு ஒளி புகும் கூரையும், காற்றோடும் திறந்த பக்கங்களும், வெள்ளமட்டத்துக்கு மேல் உயர்த்திய கரையும் கட்டாயம் இருக்க வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது கொசஸ்தலையாற்றை ஒட்டிய பகுதிகள் எப்படி மூழ்கின என்பதை எண்ணூர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கரை உடைந்து வெளியேறும் அடர்கரைசல் கடைசியில் சேருமிடம் எண்ணூர்க் கழிமுகம். அங்கே இன்றும் இடுப்பளவு நீரில் நின்று கையால் தடவி இறால் பிடிக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. ஏற்கெனவே சாம்பலாலும் எண்ணெயாலும் நொந்துபோன அந்த நீரில் நம் பங்குக்கு ஒரு சொட்டும் சேரக்கூடாது என்ற உறுதி திட்டத்தின் முதல் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

சட்டமும் அதையே கேட்கிறது. வெளியேற்றும் நீரில் கரைந்த உப்புக்கு மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராம். நம் எடுத்துக்காட்டு நீர் அதைப்போல் 20 மடங்குக்கும் மேல். நல்ல நீரைக் கலந்து வரம்புக்குள் கொண்டுவருவது தீர்வாகாது, ஏனெனில் நிலத்தில் சேரும் உப்பின் எடை அதனால் ஒரு கிராமும் குறைவதில்லை. சாயக்கழிவால் நொய்யலாறு கெட்டபின் 2011 ஜனவரியில் உயர்நீதிமன்ற ஆணைப்படி திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டதை இங்குள்ள ஆலைக்காரர்களும் மறந்துவிடக் கூடாது.

மிஞ்சும் உப்பை யாரேனும் வாங்குவார்களா என்பது அதன் தூய்மையைப் பொறுத்தது. சோடியம் குளோரைடும் சல்பேட்டும் கால்சியமும் அழுக்கும் கலந்த கலப்பு உப்புக்கு வாங்குபவர் இல்லை. தோல் தொழிலிலும் சாயத் தொழிலிலும் அது மூட்டை மூட்டையாகத் தேங்கிக் கிடப்பதே அதற்குச் சான்று. முதலிலேயே நானோ வடிகட்டிச் சவ்வு ஒன்றால் சல்பேட்டையும் கால்சியம், மெக்னீசியத்தையும் ஒருபுறம் ஒதுக்கிவிட்டால், மறுபுறம் வரும் கரைசல் பெரும்பாலும் சோடியம் குளோரைடாகவே இருக்கும். அதை முழுதாகக் காய்ச்சாமல் அப்படியே சாஃப்ட்னரைப் புதுப்பிக்கவோ தோலை உப்பிடவோ திரும்பப் பயன்படுத்தலாம். சொந்த ஆலைக்குள்ளேயே பயன்படும் கரைசலைவிடச் சிறந்த முடிவு வேறில்லை என்பது என் எண்ணம்.

நீரைச் சோதித்தல்

கரைந்த உப்பின் அளவைக் காட்டும் கையடக்க டி.டி.எஸ். மீட்டர்கள் பெரும்பாலும் லிட்டருக்கு 10 கிராமுக்குள்ளேயே நின்றுவிடும். அவசரத்துக்கு, 10 மில்லிலிட்டர் நீரை ஆர்.ஓ. நன்னீரால் 200 மில்லிலிட்டராக்கி அளந்து, வரும் எண்ணை 20ஆல் பெருக்கிக்கொள்ளலாம். உப்பளங்களில் கரைசலின் அடர்த்தியை அறியப் பயன்படும் போமே அளவி இதைவிட எளிய கருவி. அதில் கடல்நீர் 3 முதல் 3.5 டிகிரி காட்டும். 125 கிராம் கரைசல் சுமார் 11 டிகிரி. ஜிப்சம் எனும் கால்சியம் சல்பேட் 13 டிகிரியை ஒட்டிப் படியத் தொடங்கும். 25 டிகிரியில் உப்பு பூக்கும். தொட்டியருகில் அந்தக் கண்ணாடி அளவி ஒன்று இருந்தால், மின்னணுக் கருவி பழுதான நாளிலும் வேலை நடக்கும்.

சவ்வைத் தேர்ந்தெடுக்க இவை போதா. ஆய்வகத்திடம் மொத்தக் கரைந்த திடப்பொருள், சோடியம், கால்சியம், மெக்னீசியம், பேரியம், ஸ்ட்ரான்ஷியம், குளோரைடு, சல்பேட், பைகார்பனேட், சிலிக்கா, இரும்பு, அம்மோனியா, சி.ஓ.டி. (கரிமக் கழிவைக் காட்டும் அளவு), எண்ணெய், சோப்பு வகைப் பொருள்கள் ஆகிய அனைத்தையும் கேட்டுப் பெற வேண்டும். அறிக்கை வந்ததும் நேர்மின் அயனிகளின் மொத்தச் சமானமும் (ஒவ்வொன்றின் மோல் அளவையும் அதன் மின்னேற்றத்தால் பெருக்கிக் கூட்டியது) எதிர்மின் அயனிகளின் மொத்தச் சமானமும் ஏறத்தாழப் பொருந்துகின்றனவா என்று கூட்டிப் பாருங்கள். 5 விழுக்காட்டுக்கு மேல் இடைவெளி இருந்தால் அந்த அறிக்கையை வைத்துக்கொண்டு எதையும் வாங்கக் கூடாது. கோடையில் ஒருமுறை, மழை முடிந்தபின் ஒருமுறை என இரு பருவ மாதிரிகளாவது வேண்டும், ஏனெனில் கடலோரப் போர்வெல்லின் நீர் இவ்விரு காலங்களிலும் ஒன்றாக இருப்பதில்லை.

ஆர்.ஓ. எதுவரை செல்லும்

இரண்டு கரைசல்களுக்கிடையே சவ்வை வைத்தால், நீர் தானாகவே உப்புக் குறைந்த பக்கத்திலிருந்து கூடிய பக்கத்துக்கு ஊடுருவும். அந்த ஊடுருவலைத் தடுத்து நிறுத்தத் தேவையான அழுத்தமே சவ்வூடுபரவல் அழுத்தம். அதை மிஞ்சும் அழுத்தம் தந்தால்தான் நீர் எதிர்த்திசையில் வரும். சோடியம் குளோரைடு கரைசலுக்கு, லிட்டருக்கு ஒரு கிராம் உப்புக்குச் சுமார் 0.8 பார் (ஒரு பார் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம்) என்று கணக்கிடலாம். அடர்த்தி ஏறும்போது இந்த விகிதமும் சற்று ஏறும். 35 கிராமுக்கு ஏறத்தாழ 27 பார், 70 கிராமுக்கு 57 பார், 120 கிராமுக்கு 105 பார், இனி உப்புக் கரையவே கரையாது என்ற நிறைவுநிலையில் 380 பாருக்கும் மேல். மிகுந்த உப்புநீரின் எல்லாச் சிக்கல்களும் இந்த நான்கு எண்களுக்குள் அடங்கிவிடுகின்றன.

1960ஐ ஒட்டிக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் சிட்னி லோபும் இந்தியாவில் பிறந்த சீனிவாச சௌரிராஜனும் செல்லுலோஸ் அசிட்டேட்டில் மிக மெல்லிய மேற்படலம் கொண்ட சவ்வை உருவாக்கியபின்தான் இந்த முறை நடைமுறைக்கு வந்தது. இன்று கடைகளில் கிடைக்கும் கடல்நீர்ச் சவ்வுகள் பாலிஅமைடு படலம் கொண்டவை. அவற்றுக்கு உற்பத்தியாளர்கள் தரும் மேல்வரம்பு பொதுவாக 83 பார். 120 பார் வரை தாங்கும் சிறப்புச் சவ்வுகளும் உண்டு. ஆனால் அவற்றுக்கான உறை (சவ்வுச் சுருளை அடக்கும் அழுத்தக் குழல்), பம்பு, குழாய் அனைத்தும் தனி வகை. மேலும் அந்த அழுத்தத்தில், குறிப்பாக நம் ஊர் வெப்பத்தில், சவ்வு நசுங்கி இறுகிக்கொண்டே போகும். பயிற்சி பெற்ற ஆளும் உதிரிப்பாகமும் அருகில் இல்லாத சிறு ஆலைக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

உங்கள் நீரை எவ்வளவு பிழியலாம் என்பதை இப்படிக் கணக்கிடுங்கள். மீட்பு விகிதத்தை ஒன்றிலிருந்து கழித்து, வரும் நீரின் அடர்த்தியை அந்த எண்ணால் வகுத்தால் வெளியேறும் கரைசலின் அடர்த்தி கிடைக்கும். 45 கிராம் நீரில் 40 விழுக்காட்டை மீட்டால் வெளியேறுவது 75 கிராம். அதன் சவ்வூடுபரவல் அழுத்தம் 62 பார் அளவில் இருக்கும். சவ்வின் பரப்பை ஒட்டிய மெல்லிய நீரடுக்கில் உப்பு கூடுதலாகக் குவிவதால் அதை 10 விழுக்காடு உயர்த்தி 68 பார் என்று கொள்ள வேண்டும். 83 பார் தந்தால் நீரைத் தள்ள மிஞ்சுவது 15 பார் மட்டுமே. இதற்கு மேல் பிழிய முயல்வது மின்சாரத்தையும் சவ்வையும் வீணாக்கும். ஆகவே வழக்கமான ஆர்.ஓ.வுக்கு, வெளியேறும் கரைசலில் 75 கிராம் என்பதை வேலி போலக் கொள்ளுங்கள்.

மின்செலவையும் பார்த்துவிடுவோம். ஒரு கன மீட்டர் நீரை 80 பாருக்கு ஏற்ற, பம்பின் இழப்பையும் சேர்த்து, 2.8 யூனிட் ஆகும். 40 விழுக்காடு மீட்பில் ஒரு கன மீட்டர் நன்னீருக்கு இரண்டரை கன மீட்டரை ஏற்ற வேண்டியிருப்பதால் அது 7 யூனிட். வெளியேறும் கரைசலின் அழுத்தத்தை உள்வரும் நீருக்கு மாற்றித்தரும் ஆற்றல் மீட்பி ஒன்றைப் பொருத்தினால் செலவு ஏறத்தாழப் பாதியாகக் குறையும். நாளெல்லாம் ஓடும் ஆலையில் அது இல்லாமல் இருப்பதற்கு நியாயம் இல்லை. நாளுக்கு ஓரிரு மணி நேரம் மட்டும் ஓடும் மிகச் சிறிய இயந்திரத்துக்கு அதன் விலை கட்டுப்படியாகாது.

முன்சுத்திகரிப்பு

சவ்வு கெடுவது பெரும்பாலும் சவ்வுக்கு முன்னால் நடக்கும் தவறுகளால்தான். எண்ணெய் முதலில் போக வேண்டும். பாலிஅமைடு படலத்தில் ஒட்டிய எண்ணெயை முழுதாகக் கழுவி எடுப்பது மிகக் கடினம். அடுத்து மணல் வடிகட்டியோ, அதைவிட நம்பகமான அல்ட்ரா வடிகட்டியோ வைத்து மிதக்கும் துகள்களை நீக்க வேண்டும். நீர் கண்ணுக்குத் தெளிவாக இருப்பது போதாது. 0.45 மைக்ரான் துளையும் 47 மில்லிமீட்டர் விட்டமும் கொண்ட வடிதாளின் வழியே 2.1 பார் அழுத்தத்தில் நீரைச் செலுத்தி, 500 மில்லிலிட்டர் சேர எத்தனை நொடி என்று குறித்துக்கொள்ளுங்கள். நீரை நிறுத்தாமல் ஓடவிட்டு, 15 நிமிடம் கழித்து அதே அளவு சேர ஆகும் நேரத்தையும் குறியுங்கள். முதல் நேரத்தை இரண்டாம் நேரத்தால் வகுத்து, ஒன்றிலிருந்து கழித்து, 100ஆல் பெருக்கி 15ஆல் வகுத்தால் வரும் எண்தான், நீர் சவ்வை எவ்வளவு அடைக்கும் என்று காட்டும் எஸ்.டி.ஐ. அது 5க்கு மேல் இருந்தால் நீரைச் சவ்வுக்குள் விடக் கூடாது. 3க்குக் கீழே இருப்பது நலம். 15 நிமிடத்துக்கு முன்பே தாள் அடைத்துக்கொண்டால் எண்ணைக் கணக்கிட வேண்டியதே இல்லை; வடிகட்டியைச் சரிசெய்வதுதான் அடுத்த வேலை.

பாசியும் நுண்ணுயிரும் வளராமல் இருக்கக் குளோரின் இடுபவர்கள், சவ்வை அடையுமுன் அதை முழுமையாக நீக்க வேண்டும், ஏனெனில் பாலிஅமைடு குளோரினைத் தாங்காது. லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் குளோரினுக்குக் கணக்குப்படி சோடியம் மெட்டாபைசல்பைட் 1.34 மில்லிகிராம் போதும் என்றாலும், நடைமுறையில் 3 மில்லிகிராம் அளவு இடுவதே பாதுகாப்பு.

படிவுகளே இந்த வேலையின் உண்மையான எதிரி. நீரைப் பாதியாகக் குறைத்தால் கால்சியமும் இரு மடங்கு, சல்பேட்டும் இரு மடங்கு. அவை சேர்ந்து ஜிப்சமாகப் படியும் வாய்ப்போ அதைவிட வேகமாக ஏறும். கால்சியம் கார்பனேட் படிந்தால் அமிலத்தால் கரைத்துவிடலாம். ஜிப்சம் படிந்தால் பெரும்பாலும் அந்தச் சவ்வைக் கழற்றி எறிய வேண்டியதுதான். ஆன்டிஸ்கேலன்ட் மருந்து படிவைத் தாமதப்படுத்துமேயன்றி நீரிலிருந்து கால்சியத்தை எடுத்துவிடாது. எனவே மிகுந்த உப்புநீருக்கு மருந்தை மட்டும் நம்பாமல், சுண்ணாம்பும் சோடாவும் இட்டுக் கடினத்தன்மையை வீழ்படிவாக்கி அகற்றுவதையோ, முன்பு கூறிய நானோ வடிகட்டியையோ நாட வேண்டும். சுண்ணாம்பு முறைக்கு இன்னொரு பயனும் உண்டு: மெக்னீசியம் வீழ்படியும்போது சிலிக்காவில் ஒரு பகுதியையும் உடன் இழுத்துச் செல்லும். வெளியேறும் கரைசலில் சிலிக்கா லிட்டருக்கு 100 மில்லிகிராமைத் தாண்டாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

குழாய்களைப் பற்றி ஒரு சொல். உயர் அழுத்தப் பகுதிக்கு 316 எல் வகைத் துருவேறா எஃகு போதும் என்று விற்பவர் சொல்வார். இந்தக் குளோரைடு அளவிலும் எண்ணூரின் உப்புக்காற்றிலும் வெல்டிங் இணைப்புகளில் அது குழிவிழுந்து அரிக்கும். டூப்ளெக்ஸ் அல்லது சூப்பர் டூப்ளெக்ஸ் எஃகையே கேளுங்கள். 80 பாரில் கசியும் ஒரு மயிரிழை நீர் தோலைக் கிழித்து உள்ளே இறங்கிவிடும். ஓடும் இயந்திரத்தின் கசிவைக் கையால் தடவிப் பார்க்கும் பழக்கத்தை எவருக்கும் அனுமதிக்கக் கூடாது.

இயக்குதல்

தொடங்கும்போது முதலில் குறைந்த அழுத்தத்தில் நீரை ஓடவிட்டு உறைகளிலுள்ள காற்றை எல்லாம் வெளியேற்ற வேண்டும். அதன்பின் நொடிக்கு 0.7 பாருக்கு மிகாமல் அழுத்தத்தை உயர்த்த வேண்டும்; வால்வைச் சட்டென்று திறந்து அழுத்தினால் சவ்வுச் சுருள் நகர்ந்து அதன் மேலுறை விரிசல் விடும். நன்னீர் வெளிவரும் பக்கத்து வால்வு எந்நேரமும் திறந்தே இருக்க வேண்டும்.

நிறுத்தும்போது காட்ட வேண்டிய கவனம் இதைவிடப் பெரிது. பம்பு நின்ற கணமே, 75 கிராம் கரைசல் நன்னீர்ப் பக்கத்திலிருந்து நீரைத் தன்பக்கம் உறிஞ்சத் தொடங்கும். அந்தப் பின்னோட்டத்தில் படலம் தன் அடித்தாளை விட்டு உரியக்கூடும். மேலும் நின்றுபோன கரைசலில் மருந்தின் வலு தீர்ந்ததும் ஜிப்சம் படியும். எனவே ஒவ்வொரு நிறுத்தத்தின்போதும் நன்னீரைக் கொண்டு உறைகளை அலச வேண்டும். மின்சாரம் அடிக்கடி தடைபடும் பகுதிகளில் இதற்கென மேல்நிலைத் தொட்டியில் நன்னீரைத் தனியே சேமித்து, தடை ஏற்பட்டதும் தானே திறக்கும் வால்வு ஒன்றைப் பொருத்துவது நல்லது. ஆள் ஓடிவந்து திறப்பார் என்று நம்பி அமைக்கப்படும் ஏற்பாடு நள்ளிரவில் பயன்படாது.

நன்னீரின் அளவு நீரின் வெப்பநிலையோடு மாறும். ஒரு டிகிரி செல்சியஸுக்கு ஏறத்தாழ 3 விழுக்காடு. மார்கழியிலிருந்து சித்திரைக்குள் நீரின் அளவு கூடினால் சவ்வு தேறிவிட்டது என்று பொருளல்ல; அதே வெப்பத்தில் உப்புக் கசிவும் கூடியிருக்கும். எனவே குறிப்பேட்டில் எழுதும் எண்களை ஒரே வெப்பநிலைக்கும் அழுத்தத்துக்கும் சமன்செய்தே ஒப்பிட வேண்டும். 45 கிராம் நீரிலிருந்து வரும் நன்னீரில் 300 முதல் 500 மில்லிகிராம் உப்பு இருப்பது இயல்பு. குளிர்விப்புக் கோபுரத்துக்கும் கழுவுவதற்கும் அது போதும். கொதிகலனுக்கு இன்னொரு முறை ஆர்.ஓ. வேண்டும். தொழிற்கழிவிலிருந்து வந்த நீரானால், அதைக் குடிக்கக் கொடுப்பதை நான் எந்த நிலையிலும் ஏற்க மாட்டேன்.

75 கிராமுக்கு அப்பால்

இங்கிருந்து மூன்று வழிகள் பிரிகின்றன. ஃபார்வர்டு ஆஸ்மாசிஸ் எனப்படும் முறை, இன்னும் அடர்ந்த ஒரு கரைசலைக் கொண்டு நீரை உறிஞ்சச் செய்வது. ஆனால் அந்தக் கரைசலிலிருந்து நீரை மீண்டும் பிரிக்க வேறொரு இயந்திரம் வேண்டியிருப்பதால், சிறு ஆலைக்கு அது சுமையே. மின்புலத்தைக் கொண்டு அயனிகளைச் சவ்வுகளின் வழியே இழுக்கும் எலெக்ட்ரோடயாலிசிஸ், ஜப்பானிலும் கொரியாவிலும் கடல்நீரை உணவு உப்புக்காக 200 கிராம் அளவுக்கு அடர்த்தியாக்க நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது. அதன் மின்செலவு நகர்த்தும் உப்பின் எடைக்கேற்ப ஏறும். ஆகவே அடர்கரைசலைக் குடிநீராக்க அது பொருந்தாது. உப்பை ஒரு பக்கம் சேர்த்துத் திரும்பப் பயன்படுத்தவோ விற்கவோ எண்ணுபவர்களுக்கு மிகவும் பொருந்தும். கால்சியமும் சல்பேட்டும் கடக்காதபடி ஒற்றை மின்னேற்ற அயனிகளை மட்டும் விடும் சவ்வுகளையே அதற்குக் கேட்டு வாங்க வேண்டும்.

மூன்றாவது, சவ்வு வழி வாலைவடித்தல். நம் வட்டாரத்துக்கு இதுவே கூடுதல் கவனத்துக்குரியது என்று நான் கருதுகிறேன். டெஃப்லான் போன்ற நீரை ஒட்டவிடாத பொருளால் ஆன, 0.2 மைக்ரான் அளவுத் துளைகள் கொண்ட சவ்வின் ஒரு புறம் 60 முதல் 75 டிகிரி வெப்பமுள்ள உப்புநீரும் மறுபுறம் குளிர்ந்த நீரோ குளிர்ந்த தகடோ இருக்கும். நீர் துளைக்குள் நுழையாது. ஆவி மட்டும் நுழைந்து மறுபுறம் குளிர்ந்து நீராகும். இங்கே சவ்வூடுபரவல் அழுத்தத்தை எதிர்க்க வேண்டியதில்லை. உப்பு நிறைவுநிலையை எட்டிய கரைசலில்கூட ஆவியழுத்தம் சுத்த நீரைவிட ஏறத்தாழக் கால் பங்குதான் குறைவு. ஆகவே 75 கிராமில் ஆர்.ஓ. நிற்கும் இடத்திலிருந்து 200 கிராமுக்கு மேலும் இது செல்லும்.

ஆனால் ஒரு கன மீட்டர் நீரை ஆவியாக்க ஏறத்தாழ 650 யூனிட்டுக்குச் சமமான வெப்பம் வேண்டும். அந்த வெப்பத்தை மின்சாரத்திலிருந்தோ புதிதாக எரிக்கும் எரிபொருளிலிருந்தோ எடுப்பதாக இருந்தால் இந்த முறையைத் தொடவே வேண்டாம். ஏற்கெனவே வீணாகும் வெப்பம் இருந்தால்தான் கணக்கு ஒத்துவரும். டீசல் ஜெனரேட்டர் ஒன்று ஓடும்போது, எரிபொருளின் வெப்பத்தில் கணிசமான பங்கு அதன் குளிர்விப்பு நீரின் வழியே வெளியேறுகிறது. அந்த நீர் 80 டிகிரிக்கு மேல் இருப்பதால் இதற்கு மிகப் பொருத்தம். அப்படி வெளியேறும் 100 கிலோவாட் வெப்பத்தை ஒரே சுற்றில் பயன்படுத்தினால் அது மணிக்கு 150 லிட்டர் அளவுக்கு நீர் தரும். ஆவி குளிரும்போது விடும் வெப்பத்தைத் திரும்ப எடுத்து அடுத்த கட்டத்துக்குக் கொடுத்தால் இரு மடங்குக்கு மேலும் ஏறும். கொதிகலனின் புகைபோக்கியும் நீராவிக் குழாய்களில் வடியும் சுடுநீரும் இதே வகையில் உதவும். குளிர்விக்கும் பக்கத்தைக் கணக்கிடும்போது மட்டும் குளிர்நாட்டு விவரக்குறிப்புகளை நம்பாதீர்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில், கோடையில் குளிர்விப்புக் கோபுரத்து நீர் 30 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது.

இந்தச் சவ்வின் உயிர், அது நனையாமல் இருப்பதில் இருக்கிறது. உப்புநீரின் அழுத்தத்தை ஒரு பாருக்குக் கீழேயே வைத்திருக்க வேண்டும். சோப்பும் தரை கழுவும் திரவமும் நீரின் பரப்பு இழுவிசையைக் குறைத்துத் துளைகளுக்குள் அதை நுழைத்துவிடும் என்பதால், கழுவும் நீர்க் கால்வாய் இந்தத் தொட்டியோடு எங்கும் இணையக் கூடாது. வடிநீரின் மின்கடத்துதிறனைத் தொடர்ந்து கவனியுங்கள். அது சென்டிமீட்டருக்கு 20, 30 மைக்ரோ சீமன்ஸ் அளவில் நிலையாக நின்று, பிறகு ஒரே சீராக ஏறத் தொடங்கினால் சவ்வு நனைகிறது என்று பொருள். அப்போது இயந்திரத்தை நிறுத்தி, உப்புநீரை வடித்து, நன்னீரால் அலசி, தேவைப்பட்டால் சிட்ரிக் அமிலக் கரைசலால் கழுவி, இளஞ்சூடான காற்றால் முழுதாக உலர்த்தியபின்னரே மீண்டும் தொடங்க வேண்டும். ஜிப்சமும் சுண்ணமும் சூட்டில் எளிதாகப் படிபவை. ஆகவே மென்மையாக்கும் கட்டத்தை இங்கே தவிர்க்கவே முடியாது. ஆவியாகும் பொருள்கள் நீராவியோடு சேர்ந்து கடந்துவிடும் என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும். அம்மோனியாவை, நீரின் பி.எச். அளவை 6க்குக் கீழே இறக்கி உப்புப் பக்கத்திலேயே பிடித்துவைக்கலாம். பென்சீன் போன்ற கரைப்பான்கள் கலந்த நீருக்கு இந்த முறையே வேண்டாம்.

கழுவுதலும் காத்தலும்

ஆர்.ஓ. சவ்வில் சமன்செய்த நீரளவு 10 விழுக்காடு குறைந்தாலோ, உள்வாயிலுக்கும் வெளிவாயிலுக்கும் இடையிலான அழுத்த வேறுபாடு 15 விழுக்காடு கூடினாலோ, உப்புக் கசிவு 5 முதல் 10 விழுக்காடு ஏறினாலோ உடனே கழுவ வேண்டும். இன்னும் ஒரு மாதம் ஓட்டிப் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டால், மெல்லிய படிவு இறுகிப் பாறையாகிவிடும். படிந்திருப்பது கார்பனேட்டோ இரும்போ என்று உறுதியாகத் தெரிந்தால் பி.எச். 2 முதல் 3 வரையுள்ள சிட்ரிக் அமிலத்தால் தொடங்கலாம். மற்ற வேளைகளில் பி.எச். 11 முதல் 12 வரையுள்ள காஸ்டிக் சோடாக் கரைசலே முதலில் வர வேண்டும், ஏனெனில் அமிலம் முதலில் பட்டால் கரிமப் படிவும் சிலிக்காவும் இன்னும் கெட்டிப்படும். கரைசலின் வெப்பத்தைச் சவ்வு உற்பத்தியாளர் அந்தந்த பி.எச். அளவுக்குக் குறித்திருக்கும் வரம்புக்குள் வைத்து, குறைந்த அழுத்தத்தில் ஒரு மணி நேரம் சுற்றவிட்டு, ஊறவைத்து, மீண்டும் சுற்றவிட வேண்டும். அமிலக் கேனையும் குளோரின் திரவக் கேனையும் ஒரே அறையில் வைக்கக் கூடாது. இரண்டும் கலந்தால் எழும் வாயு மூடிய அறையில் உயிரைப் பறிக்கும். கழுவி முடித்த நீரும் அடர்கரைசல் தொட்டிக்கே செல்ல வேண்டும், மழைநீர்க் கால்வாய்க்கு அல்ல.

ஐப்பசியில் வெள்ள எச்சரிக்கையாலோ வேலை குறைவாலோ ஆலையை இரண்டு நாளுக்கு மேல் நிறுத்துவதாக இருந்தால், சவ்வுகளை நன்னீரால் அலசி, ஒரு விழுக்காடு சோடியம் பைசல்பைட் கரைசலை உறைகளில் காற்றிடைவெளி இல்லாமல் நிரப்பி, எல்லா வால்வுகளையும் மூடிவைக்க வேண்டும். மீண்டும் தொடங்குமுன் நன்னீர் வால்வை மறக்காமல் திறக்க வேண்டும். தகரக் கூரைக் கொட்டகையில் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டும் இடமானால் உறைகளுக்கு மேல் நிழல் அமைக்க வேண்டும். வாரம் ஒருமுறை அந்தக் கரைசலில் சிறிது எடுத்துப் பி.எச். பாருங்கள்: அது 3க்குக் கீழே இறங்கியிருந்தாலோ, ஒரு மாதம் கடந்திருந்தாலோ, பழையதை வடித்துவிட்டுப் புதிய கரைசலை நிரப்ப வேண்டும்.